மலைப்பாதையில் பிக்கப்பும் சிறு டிரெய்லரும்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கொச்சிக்கும் கிழக்கு மலைகளுக்கும் உள்ள உறவு நெடுங்காலத்தது. மிளகும் ஏலக்காயும் சுக்கும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கி வந்து மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சேர்ந்தன, இன்றும் சேர்கின்றன. அண்மைக் காலமாக எதிர்த் திசையிலும் ஒரு போக்குவரத்து வளர்ந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பங்கள் மலையேறுகின்றன. 2021-ஆம் ஆண்டில் கேரள அரசின் சுற்றுலாத் துறை கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. 2022-இல் வாகமணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, படுக்கையும் சிறு சமையலறையும் கொண்ட வண்டிகளின் மீது பலருக்கும் ஆவல் பிறந்துள்ளது.

கேரவன் என்றால் எஞ்சினோடு கூடிய பெரிய வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே வீட்டில் உள்ள பிக்கப்பின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு பயண டிரெய்லரும் உண்டு. விலை குறைவு, தங்குமிடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஓட்டிச் சென்று ஊர் சுற்றலாம். இதற்குக் கடன் கிடைக்குமா என்பது வாடிக்கையாளர்களின் இயல்பான கேள்வி. ஆனால் அதற்கு முன்னர் எழ வேண்டிய கேள்விகள் மூன்று. நம் பிக்கப்பால் அதனை இழுக்க முடியுமா? இழுத்தாலும் மலைச்சரிவில் நிறுத்த முடியுமா? ஏதேனும் நேர்ந்தால் காப்பீடு நமக்குத் துணை நிற்குமா? இம்மூன்றையும் இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

பாதை எப்படிப்பட்டது?

கொச்சியிலிருந்து தொண்டி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்னாளில் இதன் எண் 49. கொச்சியிலிருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரை பெரும்பாலும் மேடுபள்ளம் குறைந்த நிலம். பெரியாற்றின் மேல் 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் வளைவுப் பாலத்தைக் கடந்தபின் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றுக்கான பழைய வழியை அழித்த பிறகு உருவான பாதை இது. காட்டினூடே வாளறை, சீயப்பாறை அருவிகளைத் தாண்டி அடிமாலி. அங்கிருந்து மீண்டும் ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறு.

மூணாற்றுக்கு அப்பால் தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டு. அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போடிநாயக்கனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம் இந்த ஒரே பகுதியில் அடங்கியிருக்கிறது. ஆக, ஒரே பயணத்தில் நீண்ட ஏற்றம், மூடுபனி, அடுத்தடுத்த வளைவுகள், தொடர்ந்த இறக்கம் ஆகிய நான்கையும் சந்திக்கிறோம். சமவெளியில் சிக்கலின்றி ஓடும் டிரெய்லருக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

எடைக் கணக்கு

வாங்குவோர் பெரும்பாலும் டிரெய்லரின் வெற்று எடையை மட்டும் கேட்டறிகிறார்கள். அது போதாது. 650 கிலோ எடையுள்ள ஒரு சிறு டிரெய்லரில் 60 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 60 கிலோ கூடும். சிறு எரிவாயு உருளையும் அடுப்பும் 20 கிலோ, பேட்டரி 30 கிலோ, படுக்கை, பாத்திரம், உணவுப் பொருள் முதலியன 140 கிலோ என்று வைத்தால் மொத்தம் 900 கிலோ ஆகிறது. வெற்று எடையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். கணக்கில் கொள்ள வேண்டியது இந்த 900-ஐத்தான்.

அடுத்தது, கொக்கியின் மேல் இறங்கும் எடை. டிரெய்லரின் முன்முனை பிக்கப்பின் கொக்கியில் அமர்கிறது. ஒற்றை அச்சுள்ள பயண டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் அளவு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். 900 கிலோ டிரெய்லருக்கு 10 விழுக்காடு என்றால் 90 கிலோ. எளிமைக்காக 100 கிலோ என்று கொள்வோம். பின்பக்கம் அதிகமாகச் சுமை ஏற்றிக் கொக்கியின் எடை மிகக் குறைந்துபோனால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சரிவில் இறங்கும்போது அந்த ஆட்டம் இன்னும் கூடும். கனமான பொருள்களை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்பாக, தரையை ஒட்டி அடுக்குவது இதனால்தான்.

இந்த 100 கிலோவைப் பிக்கப்பே சுமக்கிறது. ஆகவே அது பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும். ஒரு பிக்கப்பின் வெற்று எடை 2,000 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,700 கிலோ என்று கொண்டால் சுமக்கக்கூடியது 700 கிலோ. நான்கு பேர் 280 கிலோ, பெட்டிகள் 120 கிலோ, கொக்கி எடை 100 கிலோ ஆக 500 கிலோ. இன்னும் 200 கிலோ மிச்சம் இருக்கிறது; இதுவரை நன்று. ஆனால் கொக்கி, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. தராசுக் கோலின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதுபோல், பின்னால் அழுத்தும் 100 கிலோ முன்சக்கரங்களின் மேலுள்ள எடையைச் சுமார் 39 கிலோ குறைத்துவிடுகிறது (முன்பின் அச்சுகளுக்கு இடைவெளி 3.1 மீட்டர் எனில்). வண்டியைத் திருப்புவதும் பெருமளவு நிறுத்துவதும் முன்சக்கரங்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நனைந்த வளைவில் இந்த வேறுபாடு ஓட்டுபவரின் கைக்குத் தெரியும்.

இந்த எடைகளை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சரக்கு லாரிகள் எடை பார்க்கும் எடைமேடையில் ஒருமுறை பிக்கப்பை மட்டும், ஒருமுறை இரண்டையும் பூட்டியபடி, ஒருமுறை பூட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்குமாறு நிறுத்திப் பார்க்கலாம். இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. அதிலிருந்து மூன்றாம் அளவைக் கழித்தால் கொக்கி எடை. பயணத்துக்கு ஏற்றும் எல்லாப் பொருள்களையும் ஏற்றிய பிறகு எடுத்த அளவே பயன்படும்.

இனி, இழுவைத் திறன். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்கள் பிரேக் பொருத்திய டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணை இங்கே எடுத்தாளக் கூடாது. கொக்கி, குளிர்விப்பு, பதிவு நிபந்தனைகள் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். நம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் எண் மட்டுமே நமக்கு ஆதாரம். அதில் எண் இல்லையெனில் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். விற்பனையாளரின் வாய்மொழி காப்பீட்டு நிறுவனத்திடம் செல்லாது.

ஏற்றம்

7 விழுக்காடு ஏற்றம் என்றால் 100 மீட்டர் செல்வதற்குள் 7 மீட்டர் உயர்கிறோம் என்று பொருள். மேலே சொன்ன பிக்கப்பும் பயணிகளும் பெட்டிகளும் 2,400 கிலோ. டிரெய்லர் 900 கிலோ. மொத்தம் 3,300 கிலோ. இந்த ஏற்றத்தில் சரிவு மட்டுமே 231 கிலோ விசையோடு வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. அதில் 63 கிலோ டிரெய்லரின் பங்கு. இக்கால டீசல் பிக்கப்களில் டர்போ இருப்பதால் உயரத்தில் காற்று மெலிவதால் ஏற்படும் திறன் இழப்பு பெரிதாகத் தெரியாது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு திறனை இழக்கும்.

ஏற்றத்தில் உண்மையான சிக்கல் வெப்பம். மெதுவான வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. எஞ்சினுக்கோ வேலை அதிகம். கீழ் கியரில், எஞ்சின் திணறாத சுழற்சியில் சீராக ஏறுவதே முறை. வெப்பமானி ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்த வேண்டும். அதற்கும் அடங்கவில்லையெனில் அகலமான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை உடனே அணைக்காமல் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். நிறுத்தியவுடன் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது லாரி கிளீனர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை. கைபிரேக்கை மட்டும் நம்பாத அந்தப் பழக்கம் நமக்கும் உகந்தது.

இறக்கம்

ஏறும்போது எஞ்சின் செலவழித்த ஆற்றல் எங்கும் போய்விடுவதில்லை. இறங்கும்போது அதனை நாம் எங்கேனும் கழித்தாக வேண்டும். 3,300 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 110 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. டிரெய்லர் இல்லையெனில் அது 80 லிட்டர் அளவில் நின்றிருக்கும். இந்த வெப்பம் முழுவதையும் பிரேக் தட்டுகளின் தலையில் சுமத்தினால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

அதைவிடக் கொடியது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155 டிகிரி. கொச்சி போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊரில், ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது இயல்பு. கொதித்த ஆயிலில் குமிழிகள் உண்டாகும். மிதித்தால் பெடல் தரை வரை செல்லும், வண்டி நிற்காது. கையேடு சொல்லும் கால இடைவெளியில் பிரேக் ஆயிலை மாற்றுவது சில நூறு ரூபாய்ச் செலவு. மலைக்குச் செல்பவர் அதனைத் தள்ளிப்போடலாகாது.

ஆகவே இறக்கத்தில் முதற்காவல் எஞ்சின் பிரேக். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அந்த கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ இறங்க வேண்டும் என்பது பழைய விதி. டிரெய்லர் இருந்தால் கீழானதையே தேர்வோம். சரிவு தொடங்கிய பின் கியரைக் குறைக்கத் தடுமாறாமல், தொடங்குமுன்பே குறைத்துவிட வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இராமல், வேகம் கூடும்போது அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு, காலை எடுத்து ஆறவிட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் இயக்க ஆற்றலில் பாதிக்கும் குறைவே 40-இல் இருக்கிறது. மெதுவாகச் செல்வது போலப் பிரேக்கைக் காக்கும் வழி வேறில்லை.

டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டுமா? ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கு பிரேக் கட்டாயம். நம் எடுத்துக்காட்டு டிரெய்லர் 900 கிலோ. மலைக்குச் செல்வதாயின் பிரேக் உள்ளதையே வாங்க வேண்டும். இதில் இரு வகைகள் பரவலானவை. பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுவதால் தானே இயங்குவது ஒன்று. இது எளியது, விலை குறைந்தது. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் இந்த பிரேக்கும் தொடர்ந்து உரசிச் சூடேறும். மற்றொன்று, ஓட்டுநரின் கைக்கெட்டும் கட்டுப்பாட்டுக் கருவியோடு கூடிய மின் பிரேக். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெல்ல இயக்கி அதனை நேராக்க இது உதவும். அக்கருவி இல்லாதவர், ஆட்டம் தொடங்கியவுடன் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். எதிர்த் திசையில் திருப்பிச் சரிசெய்ய முயல்வது ஆட்டத்தை மிகுதியாக்கும்.

வளைவுகளும் பிற வண்டிகளும்

வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் பிக்கப் சென்ற தடத்தில் செல்வதில்லை, உட்பக்கமாக ஒதுங்கும். கொக்கி 8 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3.5 மீட்டர் என்றால், டிரெய்லரின் சக்கரங்கள் சுமார் 7.2 மீட்டர் ஆரத்தில் செல்லும். அதாவது 80 சென்டிமீட்டர் உள்ளே. அந்த 80 சென்டிமீட்டரில்தான் கல்கட்டும் வடிகாலும் இருக்கின்றன. எனவே வளைவில் சற்று அகன்று நுழைய வேண்டும். எதிரே வரும் பேருந்துக்கு முதலில் வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஓரமாக நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. நமக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால், இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி அவற்றை முன்னே விடுவது மரியாதை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல மடிந்த துயரத்தை நாம் மறந்திருக்க முடியாது. கனமழை நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைப்பாதைகளில் இரவுப் பயணத்துக்குத் தடை விதிப்பதுண்டு. பாதையில் மண் சரிந்து கிடந்தால் தனி வண்டி எளிதில் திரும்பிவிடும்; டிரெய்லர் பூட்டிய வண்டியைத் திருப்ப இடம் கிடைப்பது அரிது.

இரவு தங்குமிடத்தையும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். காட்டுப் பகுதிச் சாலையோரம் தங்குவதற்கு உரிய இடமன்று. இதே நெடுஞ்சாலையை அடுத்த சின்னக்கானல் வட்டாரத்தில், அரிசியைத் தேடி ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் வனத்துறை பிடித்து இடம் மாற்றியது. உணவுப் பொருளோடு நிற்கும் மெல்லிய சுவருள்ள டிரெய்லர் யானைக்கு ஒரு தடையே அல்ல. மேலும், ஓடும் டிரெய்லருக்குள் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், அமரவோ உறங்கவோ கூடாது. எரிவாயு உருளையின் வால்வைப் புறப்படுமுன் மூடிவிட வேண்டும்.

ஆவணங்களும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கு எஞ்சின் இல்லை என்பதால் விலக்கு இல்லை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். டிரெய்லரில் அதன் பதிவெண்ணோடு, இழுக்கும் வண்டியின் பதிவெண்ணும் காணப்பட வேண்டும்.

பட்டறையில் நம் விருப்பப்படி கட்டுவித்த டிரெய்லர் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் உரிய ஒப்புதல் இல்லாத டிரெய்லரைப் பதிவு செய்ய இயலாது. பதிவு இல்லையெனில் கடன் தந்த வங்கியின் பெயரைப் பதிவுச் சான்றில் ஏற்ற வழியில்லை. வாகனக் கடனும் கிடைக்காது. அதனினும் பெரிய இழப்பு, விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழுவது. பிக்கப்பில் கொக்கி பொருத்துவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கொக்கி வாங்குமுன் தயாரிப்பாளரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் கேட்டறிவது அவசியம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. பிக்கப்பின் பத்திரம் டிரெய்லர் இழுப்பதை ஏற்கிறதா? டிரெய்லர் தன் மதிப்போடு தனியே குறிக்கப்பட்டுள்ளதா? பயன்பாட்டு வரம்பு என்ன? மூன்றாவதில்தான் பலர் இடறுகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிந்த டிரெய்லரைச் சுற்றுலாப் பருவத்தில் வாடகைக்கு விட்டாலோ சிற்றுண்டிக் கடையாக மாற்றினாலோ, பத்திரத்தின் வரம்பை மீறியதாகக் கொண்டு காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். தொழில் நோக்கம் இருப்பின் தொடக்கத்திலேயே அவ்வாறு பதிவு செய்து, அதற்கேற்ற கடனைக் கேட்பதே நேர்வழி.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 இலட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய். ஆண்டுக்கு 1,27,488 ரூபாய். ஆண்டில் 20 இரவுகள் டிரெய்லரில் தங்குகிறோம் என்றால், ஓர் இரவுக்குத் தவணை மட்டுமே 6,374 ரூபாய் ஆகிறது. காப்பீடு, டயர், பூங்காக் கட்டணம், கூடுதல் டீசல் ஆகியவை இதற்கு மேல். இது எடுத்துக்காட்டுக் கணக்கே. வட்டி விகிதம் கடனுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். ஆயினும் 20 இரவுகளை 60 ஆக்க முடியாத குடும்பத்துக்கு, வாடகைக் கேரவனோ விடுதி அறையோ மலிவாக அமையும் என்பது தெளிவு.

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வாசிகளுக்கு மேலும் இரண்டு செலவுகள் உண்டு. நம் தெருக்களில் காரை நிறுத்தவே இடம் அருமை. டிரெய்லருக்கு ஆண்டு முழுவதும் இடம் வாடகைக்கு எடுக்க நேரலாம். கடற்காற்றின் உப்பு, டிரெய்லரின் இரும்புச் சட்டத்தையும் பிரேக் பாகங்களையும் ஓய்விலிருக்கும்போதே அரிக்கும். ஆண்டில் பத்து மாதம் சும்மா நிற்கும் வண்டிக்கும் பராமரிப்பு தேவை.

இவ்வளவுக்குப் பின்னும் கணக்கு ஒத்துவந்து, வாங்குவது என்று முடிவு செய்பவர்கள் கிளைக்கு வரும்போது நான்கு தாள்களைக் கொண்டுவந்தால் பணி விரைவாகும்: டிரெய்லரின் ஒப்புதல் சான்றின் நகல், பிக்கப்பின் பதிவுச் சான்று, இழுவைத் திறன் குறித்த கையேட்டுப் பக்கம் அல்லது தயாரிப்பாளரின் கடிதம், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டுத் தாள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இவற்றைச் சேகரிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தர விற்பனையாளர் தயங்கினால், முன்பணத்தையும் அவரிடம் தராமல் இருப்பதே நலம்.